கௌபாய் பூட்ஸ்: தினமும் போட எந்த ஜோடி?

கௌபாய் பூட்ஸ் வாங்கலாம் என்று கிளம்பும் பெண்கள் பெரும்பாலும் முதலில் பார்ப்பது முனையை. கூர்முனையா, சதுர முனையா? அப்புறம் தையல் வேலைப்பாடு, அப்புறம் நிறம். ஆசைக்கு இந்த வரிசை சரிதான். ஆனால் வாங்கிய பூட்ஸ் வாரத்தில் நாலு நாள் காலில் ஏற வேண்டும் என்றால் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் உயரம், அடுத்தது ஹீல், அதற்குப் பிறகுதான் முனை. உங்கள் உடை எங்கே முடிகிறது, பூட்ஸ் எங்கே தொடங்குகிறது, நடுவில் எவ்வளவு கால் தெரிகிறது என்ற மூன்றும் சேர்ந்துதான் கண்ணாடி முன்னால் 'நன்றாக இருக்கிறதே' அல்லது 'ஏதோ இடிக்கிறதே' என்று தோன்ற வைக்கின்றன.

இந்த பூட்ஸ் நடப்பதற்காகப் பிறந்தது அல்ல என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-ல் முடிந்த பிறகு, டெக்சாஸிலிருந்து கான்சாஸ் ரயிலடிகள் வரை மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்கள் நாள் முழுக்கக் குதிரை மேல்தான் இருந்தார்கள். சேணத்தில் தொங்கும், கால் வைக்கும் வளையமான அங்கவடிக்குள் கால் சட்டென்று நுழைய ஒடுங்கிய முனை, தடையில்லாமல் வழுக்கிச் செல்ல வழவழப்பான தோல் சோல், பாதம் அங்கவடியைத் தாண்டி உள்ளே போய்விடாமல் இருக்க உயர்ந்த ஹீல், முள்புதர் காலைக் கீறாமல் இருக்க நீண்ட மேல்பகுதி. லேஸ் கிடையாது. குதிரை தூக்கி எறிந்தால் கால் பூட்ஸிலிருந்து உருவிக்கொண்டு வரட்டும் என்று ஒரு கணக்கு. அழகுக்கு என்று நாம் நினைக்கும் தையல் கோடுகள்கூட, மேல்பகுதித் தோல் தொய்ந்து மடியாமல் விறைப்பாக நிற்க உதவியவை.

எச். ஜே. ஜஸ்டின் 1879-ல் டெக்சாஸின் ஸ்பானிஷ் ஃபோர்ட்டில் பூட்ஸ் தைக்க ஆரம்பித்தது இந்தக் குதிரைக்காரர்களுக்காகத்தான். (அவருடைய மகள் ஈனிட் ஜஸ்டின் கதை தனி. சகோதரர்கள் கம்பெனியை ஃபோர்ட் வொர்த்துக்கு மாற்றியபோது கூடப் போக மறுத்து, 1925-ல், அதுவரை கம்பெனி இருந்த நொகோனா என்ற சிற்றூரிலேயே சொந்தமாக பூட்ஸ் கம்பெனி தொடங்கிப் பல பத்தாண்டுகள் நடத்தியவர். ஆண்களின் உலகம் என்று நினைக்கிற தொழிலில் ஒரு பெண்!)

ஆக, குதிரைக்குத் தேவைப்பட்ட இந்த அம்சங்களில் எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதுதான் தினசரிக்கு வாங்குபவரின் கேள்வி.

உயரம்: கணுக்காலா, நடுக்காலா, முழு உயரமா?

பாதத்துக்கு மேலே காலைச் சுற்றி எழும் பகுதிக்கு ஷாஃப்ட் என்று பெயர். பெண்களுக்கான மாடல்களில் மூன்று உயரங்கள் அதிகம் கிடைக்கின்றன. கணுக்காலுக்குச் சற்று மேலே நிற்கும் 5 முதல் 7 அங்குல குட்டை பூட்ஸ், கெண்டைக்காலில் நிற்கும் 8 முதல் 10 அங்குலம், முழங்காலுக்குச் சற்றுக் கீழே போகும் 11 முதல் 13 அங்குலம். முழங்காலைத் தொடும் 15, 17 அங்குல மாடல்களும் உண்டு. தினசரிப் பேச்சில் அவற்றைச் சேர்க்க வேண்டியதில்லை.

குட்டை பூட்ஸ் கடையிலேயே மனதை இழுக்கும். லேசானது, விலையும் சற்றுக் குறைவாக இருக்கும், பல மாடல்களில் பக்கவாட்டு ஜிப் வைத்திருப்பார்கள், வெயில் நாளில் கெண்டைக்கால் வேகாது. ஜீன்ஸுக்கு அடியில் எந்தத் தொந்தரவும் தராது. கணுக்கால் வரை வரும் ஸ்ட்ரெய்ட் ஜீன்ஸோடு போட்டால், ஜீன்ஸ் விளிம்பு பூட்ஸ் வாயின் மேல் லேசாக மூடி நிற்கும். அதுதான் இதற்குச் சரியான இடம். சிக்கல் உடையோடு போடும்போது வருகிறது. முழங்கால் அளவு டிரெஸ்ஸுக்குக் கீழே வெறும் கால், அதற்குக் கீழே குட்டை பூட்ஸ் என்றால், பூட்ஸ் வாயின் கோடு காலை அதன் மிக மெல்லிய இடத்தில் குறுக்கே வெட்டும். நெடிய கால் உள்ளவர்களுக்கு அது பாதகம் இல்லை. மற்றவர்களுக்குக் கால் குட்டையாகத் தெரியும். வாய் அகலமாக இருந்து கணுக்கால் அதற்குள் ஆடினால் இன்னும் மோசம்.

நடுக்கால் உயரம் பார்ப்பதற்கு இரண்டுக்கும் பொதுவான தீர்வு மாதிரி இருக்கும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. 8, 9 அங்குல ஷாஃப்ட் பலருக்குக் கெண்டைக்காலின் மிகத் தடித்த இடத்தில் போய் முடியும். அந்த இடத்தில் ஒரு குறுக்குக்கோடு விழுந்தால், குட்டை ஸ்கர்ட்டோடு கால் உருண்டையாகத் தெரியும். ஆனால் கணுக்காலுக்குச் சற்று மேல் வரை தொங்கும் நீள ஸ்கர்ட்டுக்கு அடியில் பூட்ஸ் வாய் மறைந்துவிடுவதால், அங்கே இந்த உயரம் அருமையாக உட்காரும். பேன்ட்டுக்கு அடியிலும் அப்படித்தான். சுருக்கமாக, வாய் மறையும் உடைகளுக்கு மட்டும் நடுக்கால்.

முழு உயரத்துக்கு எதிராகச் சொல்லப்படுபவை எல்லாம் உண்மை. கனம் கூடுதல், வெயிலில் வியர்க்கும், போடவும் கழற்றவும் நேரம் எடுக்கும், பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப் போனால் பாதி இடத்தை அதுவே பிடித்துக்கொள்ளும். இருந்தும் ஒரே ஒரு ஜோடி என்றால் நான் இதைத்தான் சொல்வேன், 12 அங்குலம் அல்லது அதை ஒட்டிய உயரம். உயரமான ஷாஃப்ட்டை ஜீன்ஸுக்குள் மறைத்துக் குட்டை பூட்ஸ் மாதிரி காட்டலாம்; குட்டை பூட்ஸை எதைக் கொண்டும் நீட்ட முடியாது. முழங்கால் டிரெஸ், மினி ஸ்கர்ட், ஷார்ட்ஸ் எல்லாவற்றோடும் இது நிற்கும். கோடு கெண்டைக்காலின் தடிமனுக்கு மேலே, கால் மறுபடி ஒடுங்கும் இடத்தில் விழுவதால் பார்வைக்கு இடிக்காது.

ஷாஃப்ட்டின் மேல் விளிம்பையும் கவனியுங்கள். சில மாடல்களில் அது நேர்க்கோடாக இருக்கும். சிலவற்றில் முன்னாலும் பின்னாலும் ஆழமாக V போல இறங்கியிருக்கும். இறங்கிய விளிம்பு குறுக்குக்கோட்டை உடைத்துவிடுவதால் கால் நீளமாகத் தெரியும். உட்காரும்போது முழங்காலின் பின்பக்கம் விளிம்பு குத்தாமலும் இருக்கும். நேர்க்கோட்டு விளிம்பு உள்ள உயரமான பூட்ஸைப் போட்டுக்கொண்டு தாழ்வான நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள், புரிந்துவிடும்.

இங்கே ஒரு அளவு அவசியம். மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், உட்கார்ந்தபடி கெண்டைக்காலின் தடித்த இடத்தை டேப்பால் அளந்துகொள்ளுங்கள். பெண்களுக்கான முழு உயர பூட்ஸின் ஷாஃப்ட் சுற்றளவு பல மாடல்களில் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். கால் 15 இருந்தால் சாதாரண மாடலோடு மல்லுக்கட்டாமல் அகல ஷாஃப்ட் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். மறுபக்கம், கால் ரொம்ப மெலிந்திருந்து ஷாஃப்ட் வாளி மாதிரி நின்றால் குட்டை பூட்ஸே மேல். அடுத்து உங்கள் ஜீன்ஸின் கீழ் விளிம்பையும் அளந்து பாருங்கள். அதன் சுற்றளவு ஷாஃப்ட்டைவிடப் பெரிதாக இருந்தால்தான் பூட்ஸ் உள்ளே போகும். பூட்கட் ஜீன்ஸில் போகும், ஸ்ட்ரெய்ட் ஜீன்ஸில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஸ்கின்னியில் போகவே போகாது.

ஹீல்: நின்றுகொண்டு இருப்பீர்களா, உட்கார்ந்தா?

குதிரை ஓட்டுபவருக்கான பழைய ஹீல் 2 அங்குலம் வரை உயரும். பின்னாலிருந்து உள்நோக்கிச் சரிந்து, தரையில் படும் இடம் சிறியதாக இருக்கும். ஃபோட்டோவில் அமர்க்களமாக இருக்கும். வகுப்பில், கடையில், மருத்துவமனையில் என்று நாள் முழுக்க நிற்பவர்களுக்கு மாலையில் முன்பாதம் எரியும். அதற்கு அடுத்தது ஒன்றரை அங்குலத்தை ஒட்டிய நடை ஹீல். சரிவு குறைவு, அடி அகலம், நடையில் ஒரு மிடுக்கும் இருக்கும். மூன்றாவது ரோப்பர் ஹீல்: ஓர் அங்குலத்தை ஒட்டிய தட்டையான, சதுரமான ஹீல்.

ரோப்பருக்குப் பெயர் வந்த காரணமே நமக்கு உதவும். ரோடியோ என்ற கௌபாய் விளையாட்டுப் போட்டியில் கன்றுக்குக் கயிறு வீசிப் பிடிப்பவர், குதிரையிலிருந்து குதித்துத் தரையில் ஓட வேண்டும். ஓடுவதற்கு வசதியாக ஹீல் தாழ்ந்தது, ஷாஃப்ட்டும் குறைந்தது, முனையும் உருண்டது. அதாவது இது தரையில் ஓடுவதை மனதில் வைத்துச் செய்தது. பழக்கப்படாத காலுக்கு முதல் நாளிலிருந்தே ஒத்துழைக்கும். ஆனால் டிரெஸ்ஸோடு போட்டால் கொஞ்சம் மொத்தையாகத் தெரியும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால் பாதி நாள் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு நடை ஹீல், நாள் முழுக்க நிற்பவருக்கு ரோப்பர். சரிந்த ஹீலை விசேஷங்களுக்கு விட்டுவிடலாம்.

முனை

கூர்முனை என்றதும் விரல் நசுங்கும் என்று பயப்படுகிறவர்கள் அதிகம். ஒழுங்காகச் செய்த பூட்ஸில் அந்தக் கூர்மை விரல்கள் முடிந்த இடத்துக்கு அப்பால்தான் தொடங்குகிறது. முனைக்குள் காலே போவதில்லை. நசுங்குகிறது என்றால் பெரும்பாலும் அகலம் தவறு. கூர்முனையின் உண்மையான தொல்லை வேறு: பாதம் நீண்டுவிடுவதால் படி ஏறும்போது முனை இடிக்கும், கார் ஓட்டும்போது பழக ஒருசில நாள் ஆகும். பெரிய பாதம் உள்ளவர்களுக்குப் பாதம் இன்னும் நீளமாகத் தெரியும்.

அகலச் சதுர முனை விரல்களுக்குச் சுகம். ஆனால் ஒடுங்கிய ஜீன்ஸுக்குக் கீழே அது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், மெல்லிய டிரெஸ்ஸோடும் ஒட்டாது. பண்ணை வேலைக்குப் போகிற தோற்றம். அதுதான் வேண்டும் என்றால் தாராளமாக எடுக்கலாம். உருண்டை முனை யாருக்கும் எதுவும் செய்யாது, கண்ணிலும் படாது. இவற்றுக்கு நடுவில் ஸ்னிப் முனை என்று ஒன்று உண்டு. கூர்முனையின் நுனியை மட்டும் குறுக்கே கத்தரித்தது போல இருக்கும். பேன்ட்டுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்போது வெஸ்டர்ன், அதாவது கௌபாய் பாணி, என்று தெரியும், ஆனால் கத்தாது. தினசரிக்கு என் ஓட்டு இதற்கே.

தோலும் சோலும்

மாட்டுத்தோல், ஆட்டுத்தோல், ஸ்வேட், ரெக்சின் வகை செயற்கைத் தோல் ஆகியவைதான் சாதாரணமாகக் கிடைப்பவை. தீக்கோழி, பாம்பு, முதலைத் தோல் எல்லாம் விலையும் பராமரிப்பும் எகிறும் சமாச்சாரம். முதல் ஜோடிக்குத் தேவையில்லை.

செயற்கைத் தோலின் பிரச்சினை ஒரே இடத்தில் தெரியும். நடக்கும்போது விரல்களுக்குப் பின்னால் மேல்தோல் மடிகிறதே, அந்த மடிப்பில் மேற்பூச்சு நாளடைவில் வெடித்து உரியும். உரிந்தால் சரிசெய்ய வழியில்லை. நல்ல தோலில் அதே மடிப்பு நிரந்தரச் சுருக்கமாகி, பழக்கப்பட்ட அழகாக மாறும். அவ்வப்போது தோலுக்கான கண்டிஷனர் தேய்த்தால் வெடிக்காது. வருஷத்தில் சில நாட்கள் மட்டும் போடுவேன், பிடிக்குமா என்றே தெரியவில்லை என்பவர்கள் செயற்கைத் தோலில் வாங்கிப் பார்ப்பது நியாயம்தான். விலங்குத் தோல் வேண்டாம் என்ற கொள்கை உள்ளவர்களுக்கும் அதுவே வழி. தினமும் போடப் போகிறேன் என்பவர் தோலுக்குப் போவதுதான் கடைசியில் லாபம். ஸ்வேட் டிரெஸ்ஸோடு மென்மையாக இருக்கும். ஆனால் மழைத்துளியும் எண்ணெய்க் கறையும் அதற்கு எமன்.

புதிதா, பழையதா என்ற கேள்வியும் உண்டு. பழைய தோல் பூட்ஸ் ஏற்கெனவே இளகியிருக்கும், அதே காசுக்கு ஒரு படி மேலான தரம் கிடைக்கும். ஹீல் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, மடிப்பில் வெடிப்பு உண்டா, உள்ளே கை விட்டால் மற்றவர் பாதத்தின் பள்ளம் ஆழமாகத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். ஹீல் ரப்பரை எந்தச் செருப்புத் தைப்பவரும் மாற்றிவிடுவார். பள்ளத்தை மாற்ற முடியாது.

சோலில் தோலுக்கும் ரப்பருக்கும் இடையே பெரிய யோசனை தேவையில்லை. தோல் சோல் அங்கவடிக்காக ஆனது. ஈரமான டைல்ஸ் தரையில் அதே வழவழப்பு ஆளைக் கீழே தள்ளும். பிடித்த மாடல் தோல் சோலில்தான் வருகிறது என்றால், மெல்லிய ரப்பர் அரைச் சோல் ஒன்றை முன்பாதத்தில் ஒட்டிவாங்கிக்கொள்ளலாம். பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. மேல்தோலும் சோலும் சேரும் விளிம்பில் சுற்றிலும் தையல் ஓடினால், பின்னால் சோல் மாற்ற வாய்ப்பு உண்டு. வெறும் பசை என்றால் சோலோடு பூட்ஸும் போயிற்று. சில மாடல்களில் அந்தத் தையல் வெறும் அலங்காரமாக அச்சடித்ததாகவும் இருக்கும். நகத்தால் வருடிப் பார்த்தால் நூலா அச்சா என்று தெரிந்துவிடும்.

காலில் ஏறும்போது

லேஸ் இல்லாத பூட்ஸைக் காலில் பிடித்து வைப்பது புறங்கால்தான். பூட்ஸ் வாயின் இருபக்கமும் உள்ள காதுகளை (இழுக்கும் பட்டைகளை) பிடித்து இழுக்கும்போது கால் முதலில் வளைவில் தடுக்கி நிற்க வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் 'டொப்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு குதிகால் உள்ளே விழ வேண்டும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பெரிது. வளைவைத் தாண்டவே மாட்டேன் என்றால் சிறிது, அல்லது உங்கள் புறங்கால் உயரமானது. வேறு மாடல் பாருங்கள்.

உள்ளே போன பிறகு நடந்தால் குதிகால் கால் அங்குலம் போல மேலும் கீழும் ஏறி இறங்கும். புது பூட்ஸில் அது இயல்பு. சோல் விறைப்பாக இருப்பதால் வருவது. சோல் வளையப் பழகியதும் குறைந்துவிடும். இது தெரியாமல் ஒரு சைஸ் குறைத்து வாங்கி விரலைக் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அமெரிக்க அளவுகளில் பெண்களுக்கு B சாதாரண அகலம், C அகலமானது. பாதத்தின் பக்கங்கள் இறுகினால் நீளத்தைக் கூட்டாதீர்கள், C கேளுங்கள். ஆண்கள் ஜோடியில் D சாதாரண அகலம் என்பதால், அகலப் பாதம் உள்ள பெண்கள் சிலர் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது நம்பரை ஒன்றரை சைஸ் அளவுக்குக் குறைத்துப் பார்க்க வேண்டும். சாக்ஸ் பூட்ஸ் வாயைவிட உயரமாக இருக்கட்டும். குட்டை சாக்ஸ் உள்ளே சுருண்டு இறங்கி, குதிகாலில் தோலை உரித்துவிடும்.

எந்த உடைக்கு எது?

ஒரே உடைக்கு வெவ்வேறு பூட்ஸ் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வெள்ளைச் சட்டை, நீல ஸ்ட்ரெய்ட் ஜீன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். குட்டை பூட்ஸ் போட்டால் சாதாரண வேலைநாள் உடை. முழு உயரத்தை ஜீன்ஸுக்குள் மறைத்தால் தோற்றம் அதேதான், கால் மட்டும் சற்று நீளமாக இருக்கும். ஸ்கின்னி ஜீன்ஸை உள்ளே திணித்து ஷாஃப்ட்டை வெளியே காட்டினால் பூட்ஸ்தான் முதலில் பேசும். மூன்றும் சரிதான், ஆனால் மூன்றாவதற்கு மேல்சட்டை எளிமையாக இருக்க வேண்டும்.

பூப்போட்ட மெல்லிய டிரெஸ் முழங்காலுக்குக் கீழே வருகிறது என்றால் முழு உயரம். ஷாஃப்ட் விளிம்பு டிரெஸ்ஸுக்குள் மறைந்தோ, அல்லது நாலு விரல் அளவு கால் தெரியும்படியோ இருக்கட்டும். ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் கால் தெரிந்தால், அளவு தவறிப்போன மாதிரி இருக்கும். மினி ஸ்கர்ட், ஷார்ட்ஸுக்கும் முழு உயரம்தான். நிறைய கால் தெரிவதால் கீழே கொஞ்சம் கனம் வேண்டும். ஆபீஸுக்கு, இடம் அனுமதித்தால், கறுப்பு ஸ்னிப் முனை, தையல் வேலைப்பாடும் அதே கறுப்பில், மேலே அகலக் கால் பேன்ட், பிளேசர். வேலைப்பாடு பேன்ட்டுக்குள் மறைந்துவிடும், முனை மட்டும் தெரியும். ஜிம் லெகிங்ஸோடு மட்டும் வேண்டாம். எப்படிப் போட்டாலும் இரண்டும் வெவ்வேறு இடத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு வெஸ்டர்ன் பொருள் போதும். பூட்ஸோடு தொப்பி, தொங்கல் வைத்த ஜாக்கெட், பெரிய பக்கிள் பெல்ட் எல்லாம் சேர்ந்தால் மாறுவேடப் போட்டிக்குக் கிளம்பியது போல ஆகிவிடும். பூட்ஸும் டெனிம் ஜாக்கெட்டும் சேரும். மூன்றாவதாக ஒன்று எடுக்கும்போது யோசியுங்கள்.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடுத்தரப் பழுப்பு எல்லா நீல ஜீன்ஸோடும் பெரும்பாலான டிரெஸ்களோடும் போகும், கீறல் விழுந்தாலும் அழகுதான். உடைகள் பெரும்பாலும் கறுப்பும் சாம்பலும் என்றால் கறுப்பு எடுங்கள். வெள்ளை, சிவப்பு, பளபளக்கும் வெள்ளி எல்லாம் இரண்டாவது ஜோடிக்கு. வெள்ளை பூட்ஸ் வாங்கினால் துடைக்கும் துணியும் கூடவே வாங்கிவிடுங்கள்.

ஆக, ஒரே ஜோடி, ஸ்கர்ட்டும் ஜீன்ஸும் சம அளவில் போடுபவர் என்றால் பழுப்புத் தோல், ஸ்னிப் முனை, ஒன்றரை அங்குல ஹீல், 12 அங்குல ஷாஃப்ட், V விளிம்பு. ஸ்கர்ட்டே போடாதவர், வெயில் அதிகமுள்ள இடத்தில் இருப்பவர் குட்டை பூட்ஸுக்குப் போகலாம், இழப்பு ஒன்றுமில்லை. நாள் முழுக்க நிற்பவர் மற்ற எல்லாவற்றையும் மறந்துவிட்டு ரோப்பர் ஹீலை எடுக்கட்டும்.

இன்னொன்று, நாளில் எத்தனை முறை காலணியைக் கழற்ற வேண்டியிருக்கும் என்றும் கணக்குப் போடுங்கள். முழு உயர பூட்ஸைக் கையால் உருவுவது இடுப்பைப் பிடிக்கும் வேலை. குதிகாலை மாட்டி இழுக்க U போல வெட்டிய பூட்ஜாக் என்ற பலகை ஒன்று உண்டு. அதை வாசலில் போட்டு வைத்தால் நின்றபடியே கழற்றலாம். போகிற இடத்துக்கெல்லாம் பலகையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நாலு வீடு, நாலு வாசல் ஏறி இறங்குகிறவராக இருந்தால், நான் மேலே சொன்ன சிபாரிசை எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு ஜிப் வைத்த குட்டை பூட்ஸையே வாங்கிக்கொள்ளுங்கள்.